ஏட்டுக் கூரை மழைக்கு உதவாது!

ஓலை ஒழிந்தது, ஒழுக்கு ஒழிந்ததா?

கீற்றுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கூரை போட்டுக் கொடுத்துவிட்டால் ஏழையின் வீட்டுக் கவலை தீர்ந்தது என்று நாடு நம்பியது. சர்க்கார் நம்பிற்று; வீட்டுக்குள் குடிபோன ஏழை மக்களும் நம்பினர். ஆண்டுகள் இருபத்தைந்தும் முப்பதும் ஓடிவிட்டன. இன்று தமிழகத்து ஊர்ப்புறங்களில், காலனி என்று பெயர் பெற்ற தெருக்களில், தொகுப்பு வீடுகளுக்குள் நுழைந்து தலை நிமிர்ந்து பார்ப்போர் காண்பது என்ன? பூச்சு பெயர்ந்த தளம். துருவேறித் துருத்தி நிற்கும் கம்பி. அந்தக் கம்பியிலேயே கட்டித் தொங்கவிடப்பட்ட பிள்ளைத் தொட்டில்!

மழைக்காலம் வந்தால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு செய்தி வருகிறது: உறங்கிக்கொண்டிருந்தவர் மீது வீட்டுக் கூரை பெயர்ந்து விழுந்தது என்று. ஊரின் பெயர் மாறுகிறது, செய்தி மாறுவதில்லை. அதிகாரிகள் பார்வையிடுகின்றனர், ஆறுதல் கூறுகின்றனர், அடுத்த மழை வரையில் அமைதி நிலவுகிறது.

இந்த அமைதியை உடைக்கும் வகையில் இரண்டு அறிவிப்புகள் அண்மை ஆண்டுகளில் வந்தன. 2000-01-ஆம் ஆண்டுக்கு முன்னர் அரசுத் திட்டங்களின் கீழ் ஊரகப் பகுதிகளில் கட்டப்பட்ட வீடுகளில் 2.50 இலட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாய் செலவில் பழுது பார்ப்பது என்று மாநில அரசு 2024-இல் அறிவித்தது. பழுது பார்க்கவே இயலாத நிலையில் உள்ளவற்றை இடித்துவிட்டு, முதற்கட்டமாக 25,000 புதிய வீடுகளை 600 கோடி ரூபாயில் கட்டித் தருவது என்று 2025-26-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் கூறிற்று.

நல்ல அறிவிப்புகள்தாம். வரவேற்கிறோம். கட்டிக் கொடுத்த வீட்டின் கூரைக்குப் பிற்காலத்திலும் பொறுப்பு உண்டு என்பதை ஓர் அரசு ஒப்புக்கொள்வது சிறு செய்தி அன்று. எனினும் வரவேற்றதோடு வாய்மூடி நின்றுவிட இயலாது. எண்ணிக்கையை மட்டும் கண்டு மகிழ்ந்த காலத்தில் எழுப்பிய வீடுகள்தாமே இன்று உதிர்கின்றன! ஆகவே, இந்தக் கூரைகள் ஏன் உதிர்ந்தன, எவர் கணக்கில் அவை விடுபட்டன, எப்படி மாற்றினால் மீண்டும் உதிராமல் நிற்கும் என்பதை ஆராய்வது கடமையாகிறது.

தீப்பிடிக்காத கூரை

காலனி மக்களுக்குக் கான்கிரீட் கூரை என்பது வெறும் வசதி அன்று. அதனைப் புரிந்துகொள்ளாதவர்களுக்கு இந்தச் சிக்கலின் ஆழம் புரியாது.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். கூலி உயர்வு கேட்டவர்களுக்குக் கிடைத்த பரிசு அது! ஓலைக் கூரைக்கு நெருப்பிடுவது எத்துணை எளிது என்பதை நாடு கண்டது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கொட்டகை பற்றியெரிந்து 94 பிஞ்சுகள் மாண்டனர். ஓலை என்பது ஏழைக்கு நிழல். அதுவே ஏழைக்கு எமன்!

ஆகவேதான் கான்கிரீட் தளத்தைக் கண்டபோது அந்த மக்கள் கண்ட காட்சி வேறு. தீ வைக்க முடியாத கூரை. பாம்பும் தேளும் பதுங்காத கூரை. ஊர்த்தெருவில் உள்ளவன் வீட்டுக் கூரையைப் போன்றே உள்ள கூரை. மானமும் பாதுகாப்பும் ஒன்றாக வந்து சேர்ந்த நாளாக அதனைக் கொண்டாடினர்.

திட்டங்களும் அடுக்கடுக்காக வந்தன. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-86-இல் தொடங்கிற்று. 1996-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தனித் திட்டமாயிற்று. தாழ்த்தப்பட்ட மக்களுக்கென வீடு கட்டும் கழகம் ஒன்றைத் தமிழக அரசு 1974-இலேயே அமைத்திருந்தது; அதுவே பின்னாளில் தாட்கோ என்று பெயர் பெற்றது. 2010-இல், மாநிலத்தில் உள்ள சுமார் 21 இலட்சம் குடிசைகளையும் கான்கிரீட் வீடுகளாக்குவது என்று வீடு ஒன்றுக்கு 75,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. 2011-இல் ஆட்சி மாறியது. 300 சதுர அடியில் 1.80 இலட்சம் ரூபாய் செலவிலான பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2016-இல் ஒன்றிய அரசின் புதிய ஊரக வீட்டுத் திட்டம் வந்தது. 2024-இல் வீடு ஒன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய் தரும் கனவு இல்லம் திட்டம் வந்தது. 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் என்பது அதன் இலக்கு.

ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின, தொகைகள் உயர்ந்தன. ஆனால் இத்தனை திட்டங்களுக்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது. கட்டுவதற்குத் தலைப்பு உண்டு. காப்பதற்குத் தலைப்பு இல்லை! சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட அன்றே கோப்பு மூடப்பட்டது.

இரும்பைத் தின்ற துரு

கான்கிரீட் கூரை என்றால் அழியாத கூரை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, தெரியவில்லை. நம் முன்னோர் எந்தக் கூரையையும் அப்படிக் கருதியதில்லை. கீற்றுக் கூரையை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து வேய்ந்தனர். ஓட்டு வீட்டுக்காரர் மழைக்கு முன்னர் ஆளை ஏற்றி, உடைந்த ஓட்டை மாற்றி, நகர்ந்த ஓட்டை அடுக்கினர். கூரை என்பது காலந்தோறும் கவனிக்க வேண்டிய பொருள் என்பது அவர்களுக்குப் பழக்கமாகவே இருந்தது. கான்கிரீட் வந்தது, அந்தப் பழக்கம் போயிற்று.

தளத்தின் உயிர் எதிலே இருக்கிறது? அதனுள் புதைந்த கம்பியிலே. கம்பியின் உயிர் எதிலே இருக்கிறது? அதற்குக் கீழே உள்ள ஒரு விரற்கடைக் கான்கிரீட்டிலே! சிமெண்டிற்கு உள்ள காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு நாளாவட்டத்தில் கான்கிரீட்டுக்குள் புகுந்து அந்தக் காரத்தைத் தின்றுவிடுகிறது. கம்பி வரையில் அது எட்டிவிட்டால், மேலிருந்து கசியும் மழைநீர் மிச்ச வேலையை முடித்துவிடுகிறது. துரு என்பது இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கும் அதற்கு மேலும் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். உள்ளே வீங்கும் துரு, கீழே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. நாம் பூச்சு விழுகிறது என்கிறோம். விழுவது பூச்சன்று, கம்பியின் கவசம்!

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்க வேண்டிய சிறு கட்டையை வைக்காமல், கம்பியைச் சென்ட்ரிங் பலகையின் மீதே கிடத்திக் கான்கிரீட்டைக் கொட்டினால், அந்தக் கவசம் பிறக்கும்போதே இல்லை. தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டி ஒரு வாரமேனும் நீர் நிறுத்தாவிட்டால் கான்கிரீட் காய்ந்து புரைபட்டுப் போகிறது. உப்பு மணலைக் கலந்தால், கம்பிக்கு நஞ்சைக் கையாலேயே ஊட்டியதாகிறது. மாடியின்மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, வாட்டம் பார்த்துத் தட்டோடு பதிக்காவிட்டால், தளத்தின்மேல் நீர் தேங்குகிறது. பணம் போதாத இடத்தில் முதலில் வெட்டப்படுவது எது? கண்ணுக்குத் தெரியாத இவைதாம்!

பணம் போதியதா என்று கேட்கலாம். 1996-இல் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு இந்திரா குடியிருப்புத் திட்டம் நிர்ணயித்த தொகை 20,000 ரூபாய். அதற்குள்ளாகவே அடித்தளம், சுவர், கதவு, தளம் எல்லாம்! அந்தத் தொகைக்குள் கவசக் கட்டையும் தட்டோடும் எங்கே இடம்பெறும்? குறைந்த விலையில் வாங்கிய கூரையின் மீதித் தொகையைத்தான் இன்று குடியிருப்போர் தங்கள் தலையால் கட்டுகிறார்கள்.

ஏட்டிலே உறுதி, வீட்டிலே உதிர்ச்சி

இனி, எல்லாவற்றினும் கொடுமையானது ஒன்று உண்டு. அது கம்பியிலே பிடித்த துரு அன்று. கணக்கிலே பிடித்த துரு!

2016-இல் வந்த ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகளைத் தேர்ந்த முறையைப் பாருங்கள். 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பே அடிப்படை. வீடே இல்லாதவர், அல்லது உறுதியற்ற சுவரும் உறுதியற்ற கூரையும் கொண்ட ஓரிரு அறை வீட்டில் வாழ்பவர், இவர்களே தகுதியுடையோர். ஓலையோ, புல்லோ கூரையாக இருந்தால் உறுதியற்ற வீடு. கான்கிரீட்டாக இருந்தால் உறுதியான வீடு. அந்தக் கான்கிரீட் நிற்கிறதா, விழுகிறதா என்பது அந்தப் பிரிப்பிலே கேள்வியே இல்லை!

விளைவு என்ன? முப்பது ஆண்டுக்கு முன்னர் போட்ட தளத்தின்கீழே, இரவில் மழை பெய்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்துக் கோயில் திண்ணைக்கு ஓடும் குடும்பம், ஏட்டின்படி உறுதியான வீட்டில் வாழும் குடும்பம். முன்னரே அரசு வீடு பெற்றவர் என்ற முத்திரை வேறு. புதிய வீடு கேட்டால், உமக்குத்தான் வீடு இருக்கிறதே என்கின்றனர். பழுது பார்த்துக் கொடுங்கள் என்றால், அதற்குத் தலைப்பு இல்லையே என்கின்றனர். வீடு உள்ளவர் பட்டியலிலும் இடமுண்டு; வீட்டிலேதான் இடமில்லை!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுக் கூரை மழைக்கு உதவுமா?

கூரையின் பொருளை மட்டும் கேட்டு, அதன் நிலையைக் கேளாதிருந்ததே பிழை. நிலையைக் கேட்க இயலாது என்பதும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீடு நல்ல நிலையில் உள்ளதா, வாழத் தக்கதா, பாழடைந்ததா என்ற கேள்வி தனியாகவே இருந்தது. கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைத்த விடையைத் திட்டத்தோடு இணைக்க மனம் வரவில்லை; அவ்வளவுதான். அடுத்த கணக்கெடுப்பு 2027-ஆம் ஆண்டுக்கானது. அதில் வீடுகளைப் பட்டியலிடும் பணிக்குக் குறிக்கப்பட்ட ஆண்டு 2026. கணக்கெடுப்போர் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே அழைத்துக் கூரையைக் காட்டுவது மக்கள் கையில் உள்ள உரிமை. வாசலில் நின்றபடியே கான்கிரீட் என்று எழுதிக்கொண்டு போக விடுவது நம் தலையில் நாமே கல்லைப் போட்டுக்கொள்வது.

கூரைக்கு யார் பணம்?

புதிய வீடுகளிலேயே கூரை எவர் பணத்தில் எழுகிறது என்பதையும் பார்ப்போம். மேற்சொன்ன 2016 திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு வீடு ஒன்றுக்கு வகுத்த தொகை 1,20,000 ரூபாய். இதில் 100-க்கு 60 பங்கு டில்லியுடையது, அதாவது 72,000. மாநிலத்தின் 40 பங்கு 48,000. இந்தத் தொகையில் கான்கிரீட் தளம் எழாது என்பதால், கூரைக்கென்றே தனியாகத் தமிழக அரசு முதலில் 50,000 ரூபாயும், பின்னர் அதை உயர்த்தி 1,20,000 ரூபாயும் சேர்த்துக் கொடுக்கலாயிற்று. ஆக, 2,40,000 ரூபாயில் டில்லி தருவது 72,000. அதாவது நூற்றுக்கு 30 பங்கு. மாநிலம் தருவது 1,68,000. சுவர் வரையில் கூட்டு. கூரை மட்டும் மாநிலத்தின் தலையில்! பெயர்ப்பலகையோ பிரதமரின் பெயரைத் தாங்குகிறது.

இதைச் சொல்லி மாநில ஆட்சியாளர் தப்பித்துக்கொள்ளவும் இடமில்லை. பழைய வீடுகளுக்கு அறிவித்த 2,000 கோடியை 2.50 இலட்சம் வீடுகளுக்கு வகுத்துப் பாருங்கள். வீடு ஒன்றுக்குச் சராசரி 80,000 ரூபாய். மறுகட்டுமானத்துக்கான 600 கோடியை 25,000-க்கு வகுத்தால் 2,40,000 ரூபாய். சராசரி என்பது சிறு வெடிப்பை அடைப்பதற்கும் பெருந்தளத்தை மாற்றுவதற்கும் சேர்த்துச் சொல்லும் எண். சிறு பழுதுக்கு அது போதும். தளத்தையே உடைத்து மாற்ற வேண்டிய வீட்டுக்கு?

300 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு அங்குலத் தளத்துக்குக் கான்கிரீட் சுமார் 2.8 கன மீட்டர். சிமெண்டு 20 மூட்டைக்கு மேல். கம்பி 200 கிலோவுக்கு மேல். ஜல்லி, மணல், சென்ட்ரிங் வாடகை, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி. இதற்கெல்லாம் முன்னதாக, பழைய தளத்தை உடைத்து இறக்கும் கூலி. இடிபாட்டை அள்ளிக் கொட்டும் வண்டி வாடகை. பழைய வீட்டின் கூரையை மாற்றுவது புதிய வீட்டுக்குக் கூரை போடுவதைவிடக் கூடுதல் வேலை என்பதைக் கொத்தனாரைக் கேட்டாலே சொல்வார். கோட்டையில் உள்ளவர்கள் கேட்டார்களா என்பதே நம் கேள்வி.

பூசி மெழுகுவது பழுதுபார்ப்பு அன்று

தொகை போதாத இடத்தில் என்ன நடக்கும் என்பது நாடறிந்தது. பெயர்ந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்புவார்கள், மேலே வெள்ளையடிப்பார்கள், படம் எடுப்பார்கள், முடிந்தது பழுதுபார்ப்பு! உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த மழையில் அப்பிய சிமெண்டும் சேர்ந்தே விழும். முன்னிலும் கனமாக விழும்.

முறையான பழுதுபார்ப்பு எது? தளத்தின் அடியில் ஓரடிக்கு ஓரடி சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் நலம். பொத்தென்று ஒலித்தால் உள்ளே விட்டுப்போயிற்று என்று பொருள். விட்டுப்போன இடம் முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் வெளிக்கொணர்ந்து, துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூசி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, அதன் பின்னரே கலவை அடைக்க வேண்டும். மேலே மாடியில் நீர் தேங்காதபடி வாட்டமும் தட்டோடும் வேண்டும். மேற்புறத்து ஒழுக்கை நிறுத்தாமல் கீழ்ப்புறத்தைப் பூசுவது, ஓட்டைப் பானைக்கு வெளியே சந்தனம் பூசுவது போன்றது.

எந்தக் கட்டத்தில் பழுதுபார்ப்பு போதாது, மாற்றியே ஆக வேண்டும்? கம்பியே விடை சொல்லும். 8 மில்லிமீட்டர் கம்பி துருவில் 6 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்குதானே குறைந்தது என்று தோன்றும். கம்பியின் வலிவு அதன் குறுக்குப் பரப்பிலே இருக்கிறது. அந்தப் பரப்பில் போய்விட்டது 100-க்கு 44 பங்கு! ஏறத்தாழப் பாதி வலிவு போன கூரையின்கீழ் குடும்பத்தை உறங்கவிட்டுவிட்டு, சிமெண்டு அப்பிக் கணக்கு முடிப்பது பழுதுபார்ப்பு அன்று, பழிக்கு அஞ்சாமை.

மற்றொரு வகை வீடுகளும் உண்டு. பழைய தொகுப்பு வீடுகளிலே பல, ஓட்டுக் கூரையோடு கட்டப்பட்டவை. மரம் உளுத்துப்போயிற்று, ஓடு சரிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள் என்று கேட்பது இயல்பு. கேட்பதில் தவறில்லை. ஆனால் சுவர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஓடும் மரமும் சேர்ந்து 300 சதுர அடி வீட்டின்மேல் ஏற்றும் பாரம் சுமார் 2 டன். அதே இடத்தில் நான்கு அங்குலக் கான்கிரீட் ஏற்றும் பாரம் 7 டன்! மண்சாந்தில் கட்டிய சுவரின்மேல் அந்தப் பாரத்தை ஏற்றுவது கூரையை மாற்றுவதாகாது; ஆபத்தைக் கூரையிலிருந்து சுவருக்கு மாற்றுவதாகும். சுவர் தாங்காத வீட்டை மறுகட்டுமானப் பட்டியலில் சேர்ப்பதே நேர்மை.

ஓடே போதுமே, வெயிலுக்குக் குளிர்ச்சியாயிற்றே என்று கூறும் அன்பர்களும் உள்ளனர். உண்மைதான், வைகாசி வெயிலில் கான்கிரீட் தளத்தின்கீழ் இரவெல்லாம் வேகிறது. ஓடு வேண்டும் என்போர்க்கு நல்ல மரத்தில், அல்லது இரும்புச் சட்டத்தில், ஓடே போட்டுக் கொடுங்கள். ஆனால் மாடி வீட்டின் குளிர்பதன அறையில் அமர்ந்துகொண்டு, காலனிக்கு ஓடே அழகு என்று எழுதுவோருக்கு ஒன்று சொல்வோம்: தேர்ந்தெடுக்கும் உரிமை கூரையின்கீழ் உறங்குபவருடையது; தூரத்திலிருந்து படம் பார்ப்பவருடையது அன்று.

அதுவரை எங்கே இருப்பார்கள்?

கூரையைப் பிரித்த வீட்டில் குடியிருக்க முடியாது. பழைய தளத்தை இறக்கி, பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, முட்டுகளைப் பிரிக்காமல் குறைந்தது ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டும். எல்லாம் இடையூறின்றி நடந்தாலே வாரங்கள் பல ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எங்கே இருக்கும்? வாடகைக்கு வீடு தர ஊர்த்தெருவில் எத்தனை பேர் முன்வருவர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மரத்தடியில் தார்ப்பாய் கட்டி இருப்பார்கள். ஐப்பசியிலே வேலையைத் தொடங்கினால், அந்தத் தார்ப்பாயும் மழையில் போய்விடும்.

பணம் வரும் முறையும் இருக்கிறது. வீட்டுத் திட்டங்களில் தொகை கட்டம் கட்டமாக, வேலை நடந்த பின்னர், படம் எடுத்துக் காட்டிய பின்னர் வருவதே வழக்கம். முறைகேட்டைத் தடுக்க அது தேவை என்கின்றனர். மறுக்கவில்லை. ஆனால் முதற்கட்ட வேலைக்கு முதல் எங்கே? கந்து வட்டிக்காரனிடத்திலே! அரசு தரும் கூரைக்கு அடகுக் கடையில் தாலி போவது என்ன நியாயம்?

வீடு பெற்றவர் மறைந்துவிட்டார். பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டனர். கிழவி ஒருத்தி மட்டும் உதிரும் கூரையின்கீழ் இருக்கிறாள். வாரிசுச் சான்று கொண்டுவா, நீயே ஆள் வைத்துக் கட்டு என்று அவளிடம் சொல்வது, வேண்டாம் போ என்று சொல்வதற்குச் சமம்.

அவர்களே தங்கள் வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டால் என்ன, எல்லாவற்றுக்கும் அரசா என்று கேட்போர் உண்டு. கேட்பவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: அமைச்சர் குடியிருக்கும் மாளிகைக்கும், ஆட்சித் தலைவர் குடியிருக்கும் பங்களாவுக்கும் ஆண்டுதோறும் பொதுப்பணித் துறை பராமரிப்புச் செய்கிறதே, அது எவர் பணம்? நாள் கூலி பெறுபவர் இருபது மூட்டை சிமெண்டையும் இருநூறு கிலோ கம்பியையும் எந்த மாதத்துச் சேமிப்பிலிருந்து வாங்குவார்? தரம் குறைந்த தளத்தைப் போட்டுக் கொடுத்தது அவரா?

நாம் கேட்பது

ஆகவே நாம் கேட்பவை பெரியவை அல்ல, செய்யத் தக்கவை.

முதலாவது, 2001-க்கு முந்திய அரசு வீடு ஒவ்வொன்றின் கூரையையும் பொறியாளர் நேரில் தட்டிப் பார்த்து, பழுது பார்க்க வேண்டியது, கூரை மாற்ற வேண்டியது, இடித்துக் கட்ட வேண்டியது என மூன்றாகப் பிரித்து, அந்தப் பட்டியலைக் கிராம சபையில் படிக்க வேண்டும். விடுபட்டவர் எழுந்து கேட்க அதுவே இடம். மே முதல் நாள் கிராம சபையில் பட்டியல் படித்தால், மழைக்கு முன்னர் ஐந்து மாதங்கள் கையில் இருக்கும்.

இரண்டாவது, தொகை வீட்டின் நிலையைப் பொறுத்து இருக்க வேண்டும். சராசரியைப் பொறுத்து அன்று. வேலை தொடங்குமுன் முன்பணம் தர வேண்டும். தனித்து வாழும் முதியோர்க்கும் கைம்பெண்டிர்க்கும் ஊராட்சியே பொறுப்பேற்று முடித்துத் தர வேண்டும்.

மூன்றாவது, கூரை மாறும் வாரங்களுக்குத் தங்குமிடமோ, வாடகைத் தொகையோ தர வேண்டும். வேலையைத் தையில் தொடங்கி ஆவணிக்குள் முடிக்க வேண்டும்.

நான்காவது, பாழடைந்த கான்கிரீட் வீட்டை உறுதியான வீடு என்று எழுதும் பொய்யை ஒன்றிய அரசு தன் விதிகளிலிருந்து நீக்க வேண்டும். கூரைச் செலவிலும் தன் பங்கைத் தர வேண்டும்.

ஐந்தாவதே தலையாயது. இன்று மாற்றும் கூரையும் முப்பது ஆண்டில் முதுமையடையும். பள்ளிக்கும் சாலைக்கும் பராமரிப்புத் தலைப்பு இருப்பதுபோலத் தொகுப்பு வீடுகளுக்கும் ஆண்டுதோறும் ஒரு தலைப்பு வேண்டும். மாடியில் நீர் தேங்குகிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று மழைக்கு முன்னர் ஒருமுறை பார்த்துச் சிறு தொகையில் அடைத்துவிட்டால், பெருந்தொகையில் கூரையை மாற்ற வேண்டிய நாள் தள்ளிப்போகும். ஊசியால் தைக்க வேண்டிய கிழிசலை விட்டுவிட்டு, பின்னர் வேட்டியையே மாற்றும் ஆட்சி முறை எவருக்கும் இலாபமன்று.

காலனிகளில் வாழும் நம் மக்களுக்கும் ஒரு சொல். அப்பிய சிமெண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒப்பந்தக்காரர் வரும்போது கம்பிக்குக் கீழே கட்டை வைத்தாரா, பாத்தி கட்டி நீர் விட்டாரா, மாடிக்குத் தட்டோடு உண்டா என்று கேளுங்கள். கேட்பவர் வீட்டில் தளம் கெட்டியாகும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். ஒருவராக அன்று, தெருவாக நில்லுங்கள்.

வீடு கொடுத்தோம் என்று மேடையில் சொல்வதற்கு ஒரு நாள் போதும். கொடுத்த வீட்டின்கீழ் ஒரு குடும்பம் அச்சமின்றி உறங்குகிறதா என்று பார்ப்பதற்கு ஆண்டுதோறும் ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் கேட்கிறோம். ஐப்பசி வருவதற்குள் கேட்கிறோம்!